வாளும் அன்னாசி டப்பாவும்: கிழக்காசியப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங், தைவான், சீனா, ஜப்பான், கொரியா என்று அந்தப் பக்கத்துப் படங்களைப் பல வருடங்களாக விரும்பிப் பார்த்து வருகிறேன். நண்பர்களும் சொந்தக்காரர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எந்தப் படத்தின் முடிச்சையும் அவிழ்க்கவில்லை, அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

இதுவரை ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிப்பது?

முதல் நாள் ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' (1985). மறுநாள் கொரியாவின் 'மை சாஸி கேர்ள்' (2001). ஒன்று அடிதடி, இன்னொன்று காதல் காமெடி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனதில் இருப்பதை வாயால் சொல்லாமல் கையாலும் காலாலும் சொல்வதில் இந்தப் படங்கள் பெரிய ஆட்கள். சண்டைப் படத்திலும் அதுதான் நடக்கிறது, காதல் படத்திலும் அதுதான் நடக்கிறது. இது ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் எந்தப் படத்தையும் தனியாக உட்கார்ந்து ரசிக்கலாம்.

'போலீஸ் ஸ்டோரி'யின் கடைசிச் சண்டை ஒரு பல மாடி ஷாப்பிங் வளாகத்துக்குள் நடக்கிறது. உடைந்த கண்ணாடிக்கு அளவே இல்லை. படப்பிடிப்புக் குழுவே இந்தப் படத்துக்கு 'கிளாஸ் ஸ்டோரி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டது. மேல் மாடிக் கைப்பிடியிலிருந்து ஜாக்கி தாவி, சீரியல் பல்பு சுற்றிய நீளக் கம்பத்தைப் பிடித்து, பல்புகள் வெடிக்க வெடிக்கச் சறுக்கிக் கீழே விழுகிறார். டூப் கிடையாது. உள்ளங்கை வெந்துபோனது. அந்த ஒரு தாவலை வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அதைப் பெருமைக்காகக் காட்டுவதாக நான் நினைக்கவில்லை. உண்மையாகவே நடந்தது என்று பார்ப்பவர் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

குங்ஃபூ படம், வூஷியா படம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. குங்ஃபூ படத்தில் சண்டை பெரும்பாலும் வெறுங்கையால். கதை அதிகமும் சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தின் காலத்திலோ அதற்குக் கொஞ்சம் பின்னாலோ, தெற்குச் சீனாவில் நடக்கும். குரு, சிஷ்யன், பழிவாங்கல் என்று போகும். வூஷியாவில் வாள் வரும், கூரைமேல் ஓடுவார்கள், மரத்துக்கு மரம் பறப்பார்கள். 'வூ' என்றால் போர்க்கலை, 'ஷியா' என்றால் நியாயத்துக்காகத் தனியாளாக நிற்கும் வீரர். இவர்கள் வாழும் உலகத்துக்கு 'ஜியாங்ஹூ' என்று பெயர். நேர்ப்பொருள் நதிகளும் ஏரிகளும். அரசாங்கத்தின் கை எட்டாத, வீரர்களும் கொள்ளைக்காரர்களும் தங்களுக்கென்று ஒரு தர்மம் வைத்துக்கொண்டு திரியும் இடம்.

குங்ஃபூ என்ற சொல்லுக்கே சண்டை என்று அர்த்தம் இல்லை. உழைத்து, நாள்பட்டு, கைவந்த திறமை எதுவானாலும் குங்ஃபூதான். நல்ல சமையல்காரரிடமும் அது உண்டு.

ஆள் பறப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இதை எப்படி நம்பிப் பார்ப்பது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பறப்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சிரிப்பு போய்விடும். சீனத்தின் பெய்ஜிங் ஓபரா மேடையில் நடிகர் கையில் ஒரு சாட்டை இருந்தால் அவர் குதிரைமேல் இருக்கிறார் என்று பொருள். குதிரை தேவையில்லை. நம் கூத்தில் ராஜா மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் காட்டுக்குப் போய்விட்டார் என்று நாம் ஏற்றுக்கொள்கிறோமே, அதே ஏற்பாடுதான். அந்த மேடையின் குட்டிக்கரணமும் தாளமும் நேராக சினிமாவுக்குள் வந்தன. கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இயக்குநர் கிங் ஹூ. அவருடைய சண்டைப் பயிற்சியாளர் ஹான் யிங்-சியே ஓபரா மேடையிலிருந்து வந்தவர்.

கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஜென்' (1971) தைவானில் எடுத்த படம், மூன்று மணி நேரம் ஓடும். அதில் ஒரு மூங்கில் காட்டுச் சண்டை வருகிறது. திரையில் சில நிமிடங்கள்தான், எடுக்க 25 நாள் ஆனது. பறக்க வைக்கக் கம்பியை நம்பவில்லை. துள்ளுபலகையில் குதிக்க வைத்து, மிகச் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டினார். ஒரு கால் மூங்கிலை மிதிக்கிறது, ஒரு நிழல் மேலே போகிறது, ஒரு வாள் கீழே இறங்குகிறது. முழுசாக எதையும் பார்க்க விடமாட்டார். கண் பிடிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். அந்த வீரர்களின் வேகம் நம் பார்வையைத் தாண்டியது என்று அப்படித்தான் உணர வைத்தார். 1975இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பத்துக்கான பெரிய பரிசு இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

இருபத்தொன்பது வருடம் கழித்து ஆங் லீ 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' (2000) படத்தில் அதே மூங்கில் காட்டுக்குத் திரும்பிப் போனார். இந்த முறை கிரேனில் ரோப் கட்டி நடிகர்களைத் தொங்கவிட்டு, ரோப்பைக் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். சண்டையை அமைத்தவர் யூன் வூ-பிங். அதில் ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். மூங்கில் நுனியில் சவ் யுன்-ஃபாட் ஆடாமல் நிற்கிறார். எதிரில் ஜாங் ஸியி நிற்கும் கிளை தத்தளிக்கிறது, அவள் விழாமல் இருக்கவே பாடுபடுகிறாள். யாருக்குப் பக்குவம் வந்திருக்கிறது, யாருக்கு இன்னும் வரவில்லை என்று ஒரு வசனம்கூட இல்லாமல் தெரிந்துவிடுகிறது. பறப்பது அதைச் சொல்லத்தான்.

புரூஸ் லீயா, ஜாக்கி சானா?

இருவரையும் ஒப்பிடவே கூடாது என்பது என் கட்சி. புரூஸ் லீ அடிக்கும்போது எதிராளியோடு சேர்ந்து நாமும் பின்வாங்குகிறோம். ஜாக்கி அடிவாங்கும்போது நாமும் 'அம்மா' என்கிறோம். ஒருவர் தோற்கவே முடியாதவர், மற்றவர் தோற்றுத் தோற்று எழுபவர். புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று 32 வயதில் இறந்தார். பெரியவராகி நாயகனாக நடித்து அவர் முடித்த குங்ஃபூ படங்கள் நான்கே நான்கு. அவருடைய 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில் (1972) ஸ்டண்ட் ஆட்களில் ஒருவராக இளம் ஜாக்கியும் இருந்தார்.

புரூஸ் லீ போன பிறகு ஜாக்கியை அடுத்த புரூஸ் லீ ஆக்கப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1978இல் யூன் வூ-பிங் இயக்கத்தில் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' தான் அவருக்கு அவருடைய பாதையைக் காட்டியது. சண்டையும் சிரிப்பும் ஒரே அசைவில் வரும் அந்த வித்தை, சின்ன வயதில் ஓபராப் பள்ளியில் சாம்மோ ஹங், யூன் பியாவ் ஆகியோருடன் பழகியது. 2008இல் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சென்னைக்கு வந்தபோது இங்கே எழுந்த ஆரவாரம், இந்த ஊரிலும் அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் காட்டியது.

பயிற்சிக் காட்சிகள் ஏன் இவ்வளவு நீளம்? ஓட்டிவிடலாமா?

தயவுசெய்து ஓட்டாதீர்கள். பல படங்களில் அதுதான் படமே.

'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (1978) ஒன்றே போதும். ஷா பிரதர்ஸ் தயாரிப்பு, லாவ் கார்-லியுங் இயக்கம், கோர்டன் லியூ நாயகன். ஷாவோலின் மடத்தில் சேரும் இளைஞன் முதலில் கற்றுக்கொள்வது சண்டை இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர், அதில் கட்டைகள் மிதக்கின்றன. கால் பட்டதும் உருளும். தாண்டத் தெரிந்தவனுக்குத்தான் நனையாமல் சாப்பாடு. அடுத்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி மேல்கையில் கத்தி கட்டியிருக்கும். இப்படி ஒவ்வொரு அறையாக அவன் உடம்பு மாறுவதை நாம் பொறுமையாகப் பார்க்கிறோம். கடைசியில் அவன் கை ஓங்கும்போது அதன் கனம் நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அந்த வாளியை நாமும் சுமந்திருக்கிறோம்.

இதை எடுத்த லாவ் கார்-லியுங்குக்கு இது வெறும் கதை இல்லை. அவருடைய அப்பாவின் குரு லாம் சாய்-விங். அந்த லாம் சாய்-விங்கின் குரு வோங் ஃபெய்-ஹுங், அதாவது ஹாங்காங் சினிமா நூறு விதமாகத் திரும்பத் திரும்ப எடுத்த அந்த நிஜ வீரர். குரு பரம்பரையிலேயே வந்தவர் எடுத்த பயிற்சிக் காட்சி அது.

ஷாவோலினுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தவர் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே?

அவர் தென்னிந்தியாவிலிருந்து போன ராஜகுமாரன் என்பது பழைய சீன நூல்களிலேயே இருக்கும் ஒரு மரபு. அவரைப் பாரசீகத்தார் என்று சொல்லும் பழைய நூலும் உண்டு. ஜென் மரபு அவரை ஆதி குருவாக வணங்குகிறது. ஆனால் சண்டைக் கலையை அவரோடு இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து வருவது. அவர் வாழ்ந்ததோ அதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்னால். நமக்குப் பெருமையான கதைதான். சரித்திரம் என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா, சப்டைட்டிலா?

குடும்பத்தோடு ஜாக்கி சான் பார்க்கிறீர்கள் என்றால் டப்பிங் நன்றாகவே இருக்கும். காதல் படத்துக்கு மட்டும் சப்டைட்டிலோடு மூலக்குரலிலேயே பாருங்கள். தயங்கும் குரலை டப்பிங்கில் கொண்டுவருவது கஷ்டம்.

பழைய ஹாங்காங் படங்களில் மூலக்குரலிலும் வாயசைவு பொருந்தவில்லையே?

அந்தக் காலத்தில் அங்கே படப்பிடிப்பில் ஒலி பதிவது வழக்கம் இல்லை. பிறகு ஸ்டூடியோவில் காண்டனீஸ், மாண்டரின் என்ற இரண்டு சீன மொழிகளிலும் தனித்தனியாகக் குரல் சேர்ப்பார்கள். பல நேரம் நடிகர் குரல்கூட அவருடையதாக இருக்காது. இந்த இரண்டு மொழிகளும் எழுத்தில் நெருக்கம், காதில் கேட்டால் ஒன்று தெரிந்தவருக்கு மற்றது புரியாது. மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ 'க்ரவுச்சிங் டைகர்' படத்தின் மாண்டரின் வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்துதான் பேசினார்.

சாமுராய் படங்களில் சண்டை ஏன் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது?

வாள் உருவும் முன் இருக்கும் நேரம்தான் அங்கே சண்டை. ஜப்பான் படங்களில் அதைப் பார்க்கப் பழக வேண்டும். குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடம். அதில் பெரும்பகுதி, ஒரு ஏழைக் கிராமம் வீரர்களைத் தேடிப் பிடிப்பதும் ஊருக்கு வேலி கட்டுவதும்தான். ஆனால் எனக்கு மனதுக்கு நெருக்கம் யோஜி யமதாவின் 'தி ட்விலைட் சாமுராய்' (2002). அதன் நாயகன் பண்டகசாலையில் கணக்கு எழுதும் கீழ்மட்டச் சாமுராய். மனைவி காசநோயில் போய்விட்டாள். இரண்டு பெண் குழந்தைகள், நினைவு தப்பிக்கொண்டிருக்கும் தாய். வேலை முடிந்ததும் யாரோடும் குடிக்கப் போகாமல் பொழுது சாயும்போதே வீடு திரும்புவதால் 'ட்விலைட்', அதாவது அந்திப்பொழுது, என்று பட்டப்பெயர். இரவில் விளக்கடியில் உட்கார்ந்து பூச்சிக்கூண்டு முடைந்து நாலு காசு பார்க்கிறார். இப்படிப்பட்டவரைப் போய் ஒருவனை வெட்டிவிட்டு வா என்று மேலிடம் அனுப்பும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. இருட்டு வீட்டுக்குள் இருவரும் முதலில் உட்கார்ந்து குடும்பக் கஷ்டம்தான் பேசுகிறார்கள். அதைவிடப் பதற்றமான சண்டைக் காட்சி நான் பார்த்ததில்லை.

சரி, காதல் காமெடிக்கு வருவோம். எதைப் பார்க்கலாம்?

வாங் கார்-வாய் எடுத்த 'சங்கிங் எக்ஸ்பிரஸ்' (1994). ஒரு பெரிய வாள் படத்தின் எடிட்டிங்கில் சோர்ந்து போயிருந்தவர், நடுவில் கிடைத்த இடைவெளியில் வேகமாக எடுத்து முடித்த படம். அந்த அவசரம் படத்துக்கு அழகாக அமைந்துவிட்டது. ஹாங்காங்கின் இரவு, நெருக்கடியான சந்து, ஒரு சிறு உணவுக்கடை, காதலில் தோற்ற இரண்டு போலீஸ்காரர்கள், இரண்டு தனிக்கதைகள்.

முதல் போலீஸ்காரர் தகேஷி கனேஷிரோ. விட்டுப்போன காதலி பெயர் மே. அவளுக்குப் பிடித்தது அன்னாசி. தினமும் ஒரு டப்பா அன்னாசி வாங்குகிறார், எல்லாவற்றிலும் காலாவதித் தேதி மே 1. அவருடைய பிறந்தநாளும் அதுதான். அதற்குள் அவள் திரும்பாவிட்டால் காதலும் காலாவதி என்று கணக்கு. கடைக்காரரோ அந்தத் தேதி டப்பாக்களை எடுத்துப் போட்டுவிட்டார். யாருக்கு வேண்டும் பழைய சரக்கு என்கிறார். இவர் அந்த டப்பாவுக்காக வாதாடுகிறார். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

இரண்டாவது போலீஸ்காரர் டோனி லியுங். காதலி போன பிறகு வீட்டில் இருக்கும் சோப்போடு பேசுகிறார், இப்படி இளைத்துவிட்டாயே என்கிறார். தண்ணீர் சொட்டும் துண்டைப் பார்த்து அழாதே என்கிறார். உணவுக்கடைப் பெண் ஃபே வோங் அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டுக்குள் புகுந்து கூட்டித் துடைத்து, சோப்பை மாற்றி, துண்டை மாற்றி, தொட்டியில் புது மீன் விட்டு வருகிறாள். காதலை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கோ சோப்பு திடீரென்று குண்டாகிவிட்டதே என்றுதான் படுகிறது. யோசித்தால், அடுத்தவர் வீட்டில் இப்படி நுழைவது தப்புதான். ஆனாலும் வீடு பெருக்குவதை வைத்து ஒரு காதல் கதையை இப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

கொரியப் படங்களில் பாதி வரை சிரிக்க வைத்துவிட்டு அப்புறம் அழ வைக்கிறார்களே?

ஆமாம், அது அங்கே ஒரு மரபாகவே ஆகிவிட்டது. 'மை சாஸி கேர்ள்' இதற்கு நல்ல உதாரணம். ஒருவர் இணையத்தில் எழுதிய சொந்தக் காதல் அனுபவங்களிலிருந்து குவாக் ஜே-யோங் எடுத்த படம். முதல் பாதி, இரண்டாம் பாதி, கூடுதல் நேரம் என்று விளையாட்டுப் போட்டி மாதிரி பிரித்திருப்பார். ரயில் நிலையத்தில் குடித்துத் தள்ளாடும் ஒரு பெண்ணைக் காப்பாற்றப்போய் மாட்டிக்கொள்கிறான் ஒரு கல்லூரி மாணவன். அவள் அடிக்கிறாள், மிரட்டுகிறாள். தன் ஹீல்ஸ் செருப்பு கடிக்கிறது என்று அவன் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அவனை மாட்ட வைக்கிறாள். வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

பிறகு ஒரு காட்சி. அவளுக்குப் பார்த்திருக்கும் வேறொரு பையனிடம் இவன் தனியாகப் பேசுகிறான். அவளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பத்து விதிகள் சொல்கிறான். மூன்று கிளாஸுக்கு மேல் குடிக்க விடாதீர்கள். அடித்தால், வலிக்காவிட்டாலும் வலிப்பது போலக் காட்டுங்கள், வலித்தால் வலிக்காதது போல. கால் வலிக்கிறது என்றால் செருப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் நாம் சிரித்த அத்தனையும் பாசத்தின் பட்டியலாக அவன் வாயில் வருகிறது.

சத்தம் இல்லாத, மென்மையான காதல் படம் ஏதாவது?

ஷுன்ஜி இவாயின் 'லவ் லெட்டர்' (1995). ஜப்பானின் கோபே நகரில் இருக்கும் ஒரு பெண், இறந்துபோன காதலனின் பள்ளிக்கால முகவரிக்கு ஒரு கடிதம் போடுகிறாள். பதில் வருகிறது. மேலே சொல்ல மாட்டேன். ஒதாரு என்ற ஊரின் பனிக்கும் மிஹோ நகயாமாவின் இரட்டை வேடத்துக்குமாகவே பார்க்கலாம்.

அதோடு கொரியாவின் 'கிறிஸ்மஸ் இன் ஆகஸ்ட்' (1998). சின்னதாகப் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், தனக்கு நாள் அதிகம் இல்லை என்று தெரிந்தவர். வயதான அப்பாவுக்கு வீடியோ பிளேயர் போடக் கற்றுக்கொடுக்கிறார். அப்பாவுக்குப் பிடிபடவில்லை. இவர் எரிச்சலில் எழுந்து போய்விடுகிறார். பிறகு எந்த பொத்தானுக்குப் பின் எந்த பொத்தான் என்று காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறார். சாவைப் பற்றி அதற்கு மேல் வசனம் எதற்கு?

சாப்பாடு வரும் படம்?

ஆங் லீயின் 'ஈட் டிரிங்க் மேன் வுமன்' (1994). தைவானின் தைபேயில் ஒரு பெரிய சமையல்காரர், அவருடைய மூன்று மகள்கள், ஞாயிற்றுக்கிழமை விருந்து. தொடக்கத்தில் வரும் சமையல் காட்சியைப் பசியோடு பார்க்காதீர்கள். இன்னொன்று: பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அவர் விதவிதமாகச் செய்து மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவள் அம்மா கட்டிக்கொடுத்த டப்பாவைத் தான் வாங்கிச் சாப்பிடுகிறார். ஏன் என்பதைப் படத்தில் பாருங்கள். ஜப்பானின் 'டம்போபோ'வையும் (1985) சேர்த்துக்கொள்ளலாம், ஒரு கிண்ணம் நல்ல ராமென் நூடுல்ஸ் சூப்புக்காக ஒரு படமே.

குழந்தைகளோடு பார்க்க?

'மை நெய்பர் டோட்டோரோ' (1988). யோசிக்கவே வேண்டாம்.

இந்தப் படங்கள் தமிழ் சினிமாவைத் தொட்டிருக்கின்றனவா?

நன்றாகவே. குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) பார்த்த தாக்கத்தில்தான் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' (1954) எடுத்தார். ஒரே கொலை, ஆளுக்கொரு கதை. பாட்டே இல்லாத தமிழ்ப்படம். மிஷ்கினின் 'நந்தலாலா'வுக்குப் (2010) பின்னால் தகேஷி கிதானோவின் 'கிகுஜிரோ' (1999) இருக்கிறது.

எல்லாவற்றிலும் உங்களுக்கு மிகவும் பிடித்தது?

பீட்டர் சான் எடுத்த 'காம்ரேட்ஸ்: ஆல்மோஸ்ட் எ லவ் ஸ்டோரி' (1996). ஹாங்காங் சீனாவின் கைக்குப் போகும் 1997க்கு முந்தைய வருடம் வந்தது. 1986இல் சீனாவிலிருந்து பிழைக்க ஹாங்காங் வரும் இளைஞன் லியோன் லாய். ஊரில் நிச்சயித்த பெண் காத்திருக்கிறாள். இங்கே பாஷை தெரியாது. மெக்டொனால்டில் அவனுக்கு ஆர்டர் எடுக்கும் பெண் மேகி சியுங். ஹாங்காங்காரி போலப் பேசுவாள், காசு பார்ப்பதிலேயே குறி. உண்மையில் அவளும் எல்லை தாண்டி வந்தவள்தான்.

அது வெளிப்படுவதற்குக் காரணம் ஒரு பாட்டு. தெரசா டெங் பாடிய 'தியென் மி மி'. சீனாவிலிருந்து வந்தவர்களுக்கு அவர் குரல் உயிர். இருவரும் சேர்ந்து புத்தாண்டுச் சந்தையில் அவருடைய கேசட்டுகளைக் கடை போட்டு விற்கப் பார்க்கிறார்கள், வாங்க ஆள் இல்லை. வாங்கினால் தான் எங்கிருந்து வந்தவன் என்று தெரிந்துவிடுமே என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிப் போகிறார்கள். மழையில் நனைந்து நஷ்டத்தோடு திரும்பும் அந்த இரவில்தான் இருவருக்கும் இடையே என்னவோ ஆரம்பிக்கிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அதற்கு முன்னால் வரும் ஒரு சிறு காட்சி. அவன் சைக்கிள் மிதிக்கிறான். அவள் கேரியரில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் ஹாங்காங் கார்களும் கடைகளுமாக விரைகிறது. அவள் காலை ஆட்டிக்கொண்டே தன்னை மறந்து அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள். பார்க்கும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், அவள் குரல் சன்னமாகத்தான் கேட்கும்.